‘போனது’ பொத்தானை யாரும் அழுத்தவில்லை

குன்னூரில் பயிற்சி நடந்த அறையின் சுவரில் ஞாயிறு மாலை எங்கள் யோசனைகளை எழுதிய நூற்றுப் பன்னிரண்டு வண்ணச் சீட்டுகளை ஒட்டிவிட்டுப் போனோம். திங்கள் காலை 8.50க்கு வந்து பார்த்தபோது சுவரில் ஒன்பது இருந்தன. மீதி நூற்று மூன்றும் தரையில் கிடந்தன. ராத்திரி முழுக்க மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக வந்து பசையை நனைத்திருக்கிறது. சென்னையில் இதே சீட்டுகள் எங்கள் அலுவலகக் கண்ணாடியில் ஒரு மாதம் அசையாமல் நிற்கும்.

“நல்லதாப் போச்சு. அதுல பாதி குப்பைதான்” என்றார் பயிற்சியாளர் ஜெயசீலன், குனிந்து பொறுக்கியபடியே.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்ததை உடைத்துப் பார்ப்பது என் வேலை. உடையவில்லை என்றால் கையெழுத்துப் போடுவேன். என்னோடு வந்த ரியாஸ் இருபத்தொன்பது வயதுக்காரர், திரைகளை வடிவமைப்பவர். கூடலூர்ப் பக்கம் ஓவேலித் தோட்டங்களில் யானை நடமாட்டத்தைச் சொல்லும் செயலியை நாங்கள் இருவரும்தான் முடித்துக் கொடுத்தோம். யானையைப் பார்த்தவர் ‘வந்தது’ என்ற பொத்தானை அழுத்தினால் எல்லோருடைய வரைபடத்திலும் சிவப்புப் புள்ளி விழும். ‘போனது’ என்பதை அழுத்தினால் புள்ளி மறையும்; இல்லாவிட்டால் நள்ளிரவு வரை நிற்கும். இருநூற்றுப் பதினான்கு சோதனைகள் செய்தேன். எல்லாம் தேறின.

செயலி வெளிவந்து இரண்டே மாதத்தில், அதை இறக்கியவர்களில் பெரும்பாலோர் அழித்துவிட்டார்கள். அதனால்தான் இந்த டிசைன் திங்கிங் பயிற்சி. குன்னூரில் இரண்டு நாள் வகுப்பு, ஓவேலியில் மூன்று நாள் நேரடி வேலை. ஆவணம் எழுதச் சோம்பல்படுபவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு அது என்ற எண்ணத்தோடுதான் மலை ஏறினேன்.

ஜெயசீலன் வகுப்பு என்று எதையும் எடுக்கவில்லை. “முதல்ல ஆளுங்களோட இருந்து பாருங்க. அப்புறம் பிரச்சினை என்னன்னு ஒரே வரியில எழுதுங்க. யோசனையைக் கொட்டுங்க. காகிதத்துல செஞ்சு அவங்க கையில குடுங்க. தப்பாப் போனா முதல்ல இருந்து. அவ்வளவுதான்” என்றார். பிறகு தன் கைப்பேசியை மேசைமேல் வைத்து, எங்கள் புகார்ப் பெட்டிக்கு வந்திருந்த ஒரு குரல்பதிவை ஓடவிட்டார். அதுவரை நாங்கள் இருவரும் அதைக் கேட்டதில்லை.

“வணக்கமுங்க. ஓவேலியில இருந்து பரமேஸ்வரி பேசறேன். உங்க ஆப்புல, எங்க ரோட்டுல ஆனை நிக்குதுன்னு செவப்புப் புள்ளி காட்டுச்சுங்க. காலைல ஆறு மணியில இருந்து பதினொன்ற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன். கூடலூர்ல எனக்குப் பத்து மணிக்கு அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ. அப்பறம் பாத்தா ஆனை ஆறரைக்கே போயிருக்குதுங்க. புள்ளிதான் நிக்குது. ஆப்பை அழிச்சுட்டேன். நீங்க நல்லாருங்க.”

கடைசி இரண்டு சொற்களைக் கோபமில்லாமல்தான் சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜெயசீலன் அங்கேயே அந்த எண்ணுக்குப் பேசினார். இந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி நேர்முகம் வைத்திருக்கிறார்களாம். பரமேஸ்வரிக்கு அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. பலாப்பழக் காலம் என்பதால் யானை தினமும் வருகிறது.

அன்று மாலை விடுதியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு செயலியின் பதிவேட்டைத் திறந்தேன். ‘வந்தது’ எண்பத்து மூன்று முறை அழுத்தப்பட்டிருந்தது. ‘போனது’ ஒருமுறைகூட இல்லை. சென்னையில் நான் அந்தப் பொத்தானைப் பதினாறு முறை அழுத்திப் பார்த்திருக்கிறேன். பதினாறு முறையும் வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை பேட்டி எடுக்கப் பழகினோம். குன்னூர் கடைவீதிக்குப் போய் யாராவது ஒருவரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார் ஜெயசீலன். நான் பதினான்கு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு ஒரு வர்க்கி கடைக்குப் போனேன். மூன்றாவது கேள்வியிலேயே கடைக்காரர் என் நோட்டைப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க சாப்பாட்டு ஆபீசருங்களா?” இல்லை என்றேன். “அப்ப வர்க்கி வாங்கறீங்களா, இல்லீங்களா?” கால் கிலோ வாங்கினேன். அப்படியொரு மொறுமொறுப்பை நான் சாப்பிட்டதில்லை. கடித்தால் ஏடு ஏடாக உதிர்ந்து புடவை முழுக்கச் சிந்துகிறது. நோட்டை மூடி வைத்துவிட்டுத் தின்ன ஆரம்பித்ததும் மனிதர் தானாகப் பேசத் தொடங்கினார். மழைக்காலத்தில் வர்க்கி நமுத்துப்போவதும், சுற்றுலாக்காரர்கள் அதைத் தேநீரில் முக்காமல் வெறுமனே தின்பதும் அவருடைய இரண்டு பெரிய துயரங்கள். என் பதினான்கு கேள்விகளில் இரண்டுமே இல்லை.

திரும்பி வந்து சொன்னபோது ஜெயசீலன் சிரித்தார். “ஓவேலியில ஒரே கேள்வி போதும் மேடம். ‘கடைசியா எப்ப நடந்துச்சு, சொல்லுங்க.’ அப்புறம் வாயை மூடிக்கணும்.” அவர் எங்களோடு வரவில்லை. அடுத்த வகுப்புக்காரர்கள் காத்திருந்தார்கள்.

புதன்கிழமை கூடலூருக்குப் பேருந்து. பைக்காரா வரை பனியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது. நடுவட்டம் தாண்டிய இறக்கத்தில் ரியாஸ் முகம் வெளுத்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில், தைலமரக் கட்டை ஏற்றிய லாரி குறுக்கே சிக்கிக்கொண்டது. ஓட்டுநர்கள் இருவரும் கத்திச் சண்டை போட, ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் அங்கேயே நின்றோம். எனக்கு முன்னால் நின்ற இரண்டு படுகப் பெண்மணிகள் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று நடத்துநரிடம் கேட்டேன். “லாரி டிரைவருக்கு முதல்ல தொண்டை கட்டுமா, நம்ம டிரைவருக்கா? இதுல பந்தயம் கட்டிருக்காங்க” என்றார். நம் ஓட்டுநருக்குத்தான் முதலில் கட்டியது.

கூடலூர் வேறு தேசம். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தேன். ஓவேலியில் தோட்டச் சாலை தொடங்கும் ஜீப் நிறுத்தத்தில் ஹம்சா என்பவரின் டீக்கடை. மூங்கில் குழலிலிருந்து தள்ளிய புட்டு, கடலைக்கறி, பழம்பொரி. மணி 2.35 ஆகியிருந்ததால் மூன்றையும் சாப்பிட்டேன்.

“எங்கோட்டு மோளே?” என்று, எங்கே போகிறோம் என்பதை மலையாளத்தில் கேட்டார் ஹம்சா. பரமேஸ்வரி வீடு என்றோம். “ஓ, புள்ளி வெச்ச ஆளுங்களா!” என்று உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். கடைக்குள் இருந்த ஐந்து பேரும் எழுந்து வந்து எங்களைப் பார்த்தார்கள்.

ஹம்சா கடையிலிருந்து பரமேஸ்வரி இருக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகள் நான்கு கிலோமீட்டர். ஒருபுறம் தேயிலை, மறுபுறம் சோலை. ஜீப் ஒன்று போனால் இன்னொன்று ஒதுங்க இடமில்லாத ஒற்றைச் சாலை. ஓட்டுநர் சாஜு அதே லைனில் குடியிருப்பவர். பதினொரு பேர் ஏறினோம். தொங்கியவர்களைச் சேர்க்கவில்லை.

பரமேஸ்வரி வாசலில் நின்றிருந்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்த கை கறுத்திருந்தது. “வாங்க” என்றார், சிரிக்காமல். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களாம். தேங்காய் ரொட்டியும், இடித்த மிளகாய்க் கட்டைச் சம்பலும், அவர்கள் பேச்சில் ‘பிளேன்டி’ எனப்படும் பாலில்லாத தேநீரும் வந்தன. சம்பலின் காரத்தில் என் கண்ணில் நீர் கொட்டியதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் இளகியது.

“அந்தப் புள்ளி சரியா வேலை செய்யுதுன்னு கையெழுத்துப் போட்டது நான்தாங்க. மன்னிச்சுக்கங்க” என்றேன்.

“அதுக்கு நீங்க அழுவறீங்கன்னு நான் நெனச்சுக்கறேன். சம்பலுக்குன்னு நெனைக்க மாட்டேன்” என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

என் ஒரே கேள்வியைக் கேட்டேன். கடைசியாக யானை வந்தது எப்போது? ஞாயிறு காலை என்றார். வந்தது எப்படித் தெரிந்தது? “நாய் குலைச்சுது. லச்சுமி சத்தம் போட்டா. மேல் லைன்ல தகரத்தத் தட்டுனாங்க. வாட்சப்புல நாலு பேரு போட்டாங்க. வர்றதச் சொல்றதுக்கு ஊரே இருக்குதுங்க.” போனது எப்படித் தெரிந்தது? பரமேஸ்வரி யோசித்தார். “தெரியாதுங்க. ஒக்காந்தே இருப்போம். யாராச்சும் நடந்து வந்தா, சரி, போயிருச்சாட்ட இருக்குதுன்னு கெளம்புவோம்.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மிகக் கடினமான வேலை அது. வாசலில் நின்ற சாஜுதான் பேசினார். “மேடம், நாங்க ‘போயாச்சு’ன்னு சொல்ல மாட்டோம். நான் சொல்றேன், நீங்க நம்பிப் போறீங்க. அது வளைவுல திரும்பி நிக்குது. அப்ப யாரு பதில் சொல்றது? முன்னாடி இங்க ஒருத்தர் அப்படிச் சொல்லி, நம்பிப் போனவருக்குக் கால் போயிருச்சு. சொன்னவரு ஊரை விட்டே போயிட்டாரு.”

“அப்படிச் சொன்னா திரும்பிப் பாப்பாரு” என்றார் ஒரு பெண் தாழ்ந்த குரலில். யானையை அங்கே ‘அவரு’ என்றுதான் சொல்கிறார்கள்.

பதிவேட்டில் இருந்த பூச்சியம் இப்போது விளங்கியது. பொத்தான் வேலை செய்தது. அதை அழுத்துவதற்கு மனிதர் வேண்டும். அந்த ஊரில் எந்த மனிதரும் அதை அழுத்த மாட்டார். இருநூற்றுப் பதினான்கு சோதனைகளில் ஒன்றிலும் நான் ஒரு மனிதரை வைத்துப் பார்க்கவில்லை.

அப்போது பரமேஸ்வரியின் கைப்பேசி அடித்தது. எழுந்து முற்றத்தில் இருந்த துவைக்கும் கல்மேல் ஏறி நின்று பேசினார். அங்கேதான் சிக்னல் அறுபடாமல் கிடைக்கும். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் லட்சுமியின் அழைப்பு. தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேச்சு எங்கள் காதில் விழுந்தது. “இங்க இல்லடி. அங்க? … ஆ, அங்கயும் இல்லியா? சரி, புள்ளையக் கூட்டிட்டு வா.”

நான் ரியாஸைப் பார்த்தேன். ரியாஸ் என்னைப் பார்த்தார். ‘போயாச்சு’ என்று யாரும் சொல்லவில்லை. ‘இங்க இல்ல’ என்று இரண்டு பேர் சொன்னார்கள். குழந்தை வீட்டுக்கு நடந்து வருகிறது.

அந்த நேரத்தை நோட்டில் குறித்தேன்: 5.12. அதன் கீழே எழுதினேன்: ‘யானை போனதை யாரும் சொல்லவேண்டியதில்லை. அவரவர் வாசலில் இல்லை என்று அவரவர் சொன்னால் போதும்.’ ஜெயசீலன் கேட்ட ஒரே வரி. இரண்டு வரியாகிவிட்டது, பரவாயில்லை.

பரமேஸ்வரியிடம் சொன்னோம். “அது பொய்யில்லீங்களே. என் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் இல்ல. அவ்வளவுதான சொல்றேன்” என்றார். “அதுக்கு யாரும் என்னயக் கேக்க முடியாது.” வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புதிய செயலி எழுத முடியாது என்றார் ரியாஸ். எழுத வேண்டாம் என்றேன். செயலிக்குப் பதில் நான் இருக்கிறேன். என் கைப்பேசியும் நோட்டும் போதும்.

வியாழக்கிழமை காலை சாலை நெடுக நடந்து ஆறு இடங்களைப் பிடித்தோம்: லைனின் தண்ணீர்க் குழாய், பிள்ளைக்காம்பரா, தொழிற்சாலை வாசல், மாதா கோயில், கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ஹம்சா கடை. ஒவ்வோர் இடத்திலும் ஒருவர். எது வரை கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ‘அந்த சவுக்கு மரம் வரைக்கும்’, ‘முருகன் ஊட்டுத் தகரம் வரைக்கும்’. இதைவிடத் துல்லியமான எல்லைகளை நான் எந்த ஆவணத்திலும் பார்த்ததில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு யானை வேண்டும். ரியாஸ் ஒப்புக்கொண்டார். பரமேஸ்வரி ஒரு சாம்பல் நிறக் கம்பளியைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார். “தும்பிக்கை?” என்று யாரோ கேட்டார்கள். குடையைக் கையில் கொடுத்தார்கள். யானை 10.05க்குக் கிளம்பியது.

நான் துவைக்கும் கல்மேல் நின்றேன். முதல் அழைப்பு குழாயடியிலிருந்து. “இப்பத்தான் தாண்டுச்சு, இங்க இல்லீங்க மேடம். மெலிஞ்ச ஆனைதான். ஊட்டுல சோறு போடறதில்லையாட்ட இருக்குது.” அடுத்து லட்சுமி. “இங்கதான் நிக்குதுங்க. புள்ளைகள முதுகுல ஏத்திட்டு இருக்குது.” பிறகு, இங்கே இல்லை என்றார். தொழிற்சாலை வாசலில் இல்லை என்றார்கள். மாதா கோயிலில் இல்லை. கொட்டகையில் இல்லை. ஹம்சா கடையில் இல்லை. ஆறு இடத்திலும் இல்லை. சாலை திறந்திருக்கிறது என்று எழுதினேன். நேரம் 10.31.

ரியாஸ் சாலையில்தான் இருந்தார். பிள்ளைக்காம்பராவுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில், பாலத்தடியில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த வளைவை இரண்டு பக்கத்திலிருந்தும் யாராலும் பார்க்க முடியாது. உண்மையான யானையாக இருந்து, உண்மையான ஜீப் போயிருந்தால்?

கல்லிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு விசித்திரமான மகிழ்ச்சி வந்தது. சென்னையில் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். இங்கே ஒரு கம்பளியும் ஆறு தொலைபேசி அழைப்புகளும் இருபத்தாறு நிமிடத்தில் பிடித்துக்கொடுத்துவிட்டன. பாலத்துப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் அறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் சந்திரன் ஏழாவது ஆளானார். நோட்டின் முதல் பக்கத்தில் விதியைப் பெரிதாக எழுதினேன்: ஏழு பேரும் சொன்னால்தான் கணக்கு. பேசாத இடம், இல்லாத இடம் அல்ல.

இரண்டாவது முறை விட்டபோது யானையை எங்கும் தவறவிடவில்லை. ஹம்சாவின் குரல் வந்தது: “மோளே, ஆனை இவிடெ உண்டு. ரெண்டு பழம்பொரி தின்னாச்சு. இனி சாயா வேணுமாம்.”

அன்றிரவு நான் பரமேஸ்வரி வீட்டில் தங்கினேன். ரியாஸ் ஹம்சா கடை மாடியில் இருந்தார். பரமேஸ்வரி சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரிசை சரியா என்று என்னிடம் காட்டினார். சரியாக இருந்தது. சாஜுவின் ஜீப் லைனுக்குக் கீழேயே நின்றது. எட்டே முக்காலுக்குள் கிளம்பினால் பத்து மணிக்குப் போய்விடலாம்.

வெள்ளி, 6.20. நாய்கள் குரைத்தன. தகரம் தட்டினார்கள். பாலத்துப் பக்கம் சோலையிலிருந்து இறங்கிச் சாலையில் நிற்கிறார் என்றார்கள். ஒற்றை ஆண் யானை. வாட்சப்பில் படம்கூட வந்தது. பரமேஸ்வரி பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். போனமுறை உட்கார்ந்ததும் அங்கேதானாம்.

எட்டு மணிக்குக் கல்மேல் ஏறினேன். குழாயடி: “இங்க இல்லீங்க.” லட்சுமி: “இல்லீங்க மேடம், சவுக்கு மரம் வரைக்கும் பாத்துட்டேன்.” தொழிற்சாலை, மாதா கோயில், கொட்டகை, ஹம்சா கடை, எல்லாம் இல்லை. 8.14க்கு ஆறு பதில்கள். சந்திரன் எடுக்கவில்லை.

8.19, எடுக்கவில்லை. 8.24, எடுக்கவில்லை. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

பரமேஸ்வரி வாசலுக்கு வந்தார். “போலாங்களா மேடம்?”

“ஆறு இடத்துல இல்லீங்க. பாலம் இன்னும் பேசல.”

சாஜு ஜீப்பை முடுக்கிவிட்டார். “ரெண்டு மணி நேரமாச்சு மேடம். இனிமேலா நிப்பாரு? ‘போ’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.” அவர் என்னைத்தான் சொல்லச் சொன்னார். தானாக அவர் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஏன் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று புதன்கிழமை எழுதிக்கொண்டேன், வெள்ளிக்கிழமை 8.31க்குத்தான் எனக்குப் புரிந்தது. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் சொன்னால் அவர் போவார். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பரமேஸ்வரியிடம் காட்டினேன்.

“பேசாத எடம் இல்லாத எடமில்ல” என்று வாய்விட்டுப் படித்தார். “நேத்து நானுந்தான கூட இருந்து எழுதுனேன்.” திரும்பிப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். உறையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். ரியாஸ் அந்த முனையிலிருந்து நிமிடத்துக்கொரு முறை “என்ன மேடம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

8.41. சந்திரன். “மேடம், கூப்ட்டீங்களா? மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு, ஒண்ணும் கேக்கல. இங்க இல்லீங்க. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஏறிப் பாத்துட்டேன். இல்ல.”

“ஏழு!” என்று கத்தினேன். ஐம்பத்தொரு வயதில் ஒரு துவைக்கும் கல்மேல் நின்று அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று நான் நினைத்ததில்லை. பரமேஸ்வரி ஏற்கெனவே ஜீப்பில் இருந்தார். 8.43.

ஜீப் ஒவ்வோர் இடத்தையும் தாண்டியபோது நான் கேட்காமலே அழைப்பு வந்தது. லட்சுமி சொன்னார், சந்திரன் சொன்னார், கொட்டகைக்காரர் சொன்னார். 8.58க்கு ரியாஸ், “மேடம், மெயின் ரோடு ஏறிட்டாங்க!” என்றார். பின்னணியில் ஹம்சா எதற்கோ பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

9.06க்கு அறியாத எண்ணிலிருந்து ஓர் ஆண்குரல். “ஏனுங்க, ஆனை கணக்கு எழுதற மேடம் நீங்கதானுங்களா? மேல் லைன்ல இருந்து செல்வராசு பேசறேன். உங்க லிஸ்ட்டுல எங்க ஊடு இல்லீங்க. ஆனா எங்க ஊட்டுக்குப் பின்னால பலா மரத்துகிட்ட நிக்கறாரு. எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டேன். 9.22க்கு அதே மேல் லைனிலிருந்து இன்னொருவர்: “இன்னும் இங்கதானுங்க.” யாரும் அவர்களைக் கேட்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

9.44க்குப் பரமேஸ்வரி. “மேடம், வந்துட்டேனுங்க. பேர் பதிஞ்சாச்சு. எனக்கு முன்னால பதினாலு பேரு இருக்காங்க.” மூச்சு வாங்கினார். நான் ஏதோ வாழ்த்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். “அது இருக்கட்டுங்க. அவரு இப்ப எங்க நிக்கறாரு? எங்க ஊட்டுக்காரரு பத்து மணிக்கு மேல் லைன் வழியாத்தான் மருந்தடிக்கப் போகோணும்.”

நோட்டைப் பார்த்துப் படித்தேன். “9.06, மேல் லைன், பலா மரம். 9.22, அதே இடம். அதுக்கப்பறம் யாரும் பேசல.”

“அப்ப ஊட்டுக்காரர்ட்டயும் படிச்சுக் காட்டிருங்க. உள்ள வந்து உக்காரச் சொல்றாங்க, வெச்சிடறேன்.”

கல்லிலிருந்து இறங்கினேன். அவர் கணவர் வேலைக்குக் கிளம்பி, முதுகில் மருந்துத் தெளிப்பானை மாட்டிக்கொண்டு முற்றத்தின் படியில் நின்றிருந்தார். மூன்று நாளில் என்னிடம் அதிகம் பேசாத மனிதர். அந்த இரண்டு வரியையும் படித்தேன். அவர் மேலே தேயிலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வாரை அவிழ்த்துத் தெளிப்பானைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, அடுத்த அழைப்பு வரும்வரை என்னோடு படியில் உட்கார்ந்தார்.